பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: டிஸ்ட்ரோ தேடுவதற்கு முன் திருப்புளியை எடுங்கள்

2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் நிறைய இன்றும் பீரோ மேல்தட்டில் பை பிரிக்காமல் கிடக்கின்றன. ஆரம்பத்தில் வந்தவற்றில் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். பின்னால் வந்தவற்றில் 4 ஜிபி ராம். முதலில் வந்தவற்றில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் தயாரித்த பாஸ் லினக்ஸும் இருந்தது; அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தவர்கள் குறைவு. இப்போது விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கும், இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய பிராசசரை ஏற்காது. ஆக, இந்த வயது லேப்டாப்புக்கு லினக்ஸ்தான் போக்கிடம்.

அப்படி முடிவு செய்தவுடன் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எந்த டிஸ்ட்ரோ, அதாவது எந்த வகை லினக்ஸ், லேசானது?" என்பது. அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. பத்து வருட லேப்டாப் ஊர்வதற்குக் காரணம் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க், அடுத்து ராம், அதற்கும் அடுத்து சூடு. இந்த மூன்றையும் தொடாமல் எவ்வளவு லேசான லினக்ஸ் போட்டாலும், டெஸ்க்டாப் சீக்கிரம் வரும், பிரவுசரைத் திறந்ததும் பழைய கதைதான்.

ஹார்ட் டிஸ்க்கை முதலில் சோதியுங்கள்

லினக்ஸ் மின்ட்டின் லைவ் பென் டிரைவில் (இன்ஸ்டால் செய்யாமலே ஓடுவது; தயாரிக்கும் முறை கீழே) பூட் செய்து, மெனுவில் 'டிஸ்க்ஸ்' என்ற நிரலைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளி மெனுவில் 'ஸ்மார்ட் டேட்டா' பாருங்கள். நீண்ட பட்டியல் வரும். அதில் மூன்று வரிகள் போதும். எண் 5, சேதமாகி மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு துண்டுகள்). எண் 197, படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். எண் 199, டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே தரவு கெட்டுப்போன எண்ணிக்கை.

197-இல் பூஜ்யத்தைத் தவிர வேறு எது இருந்தாலும் அந்த டிஸ்க்கில் சிஸ்டம் போடாதீர்கள். கெட்ட செக்டரில் இடறும்போது டிஸ்க் விடாமல் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். அந்தப் பல விநாடிகள் முழு லேப்டாப்பும் உறைந்து நிற்கும். "மவுஸ் நகருது, வேற எதுவுமே நடக்கல" என்று சொல்கிறார்களே, அந்த 'ஹேங்' இதுதான். ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும் என்று கடையில் சொன்னாலும் நம்ப வேண்டாம், ஒரு மாதத்தில் திரும்ப வரும். 5 கொஞ்சம் இருந்து கூடாமல் நின்றால் சமாளிக்கலாம். 199 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க் மேல் பழி போடாதீர்கள், கனெக்டரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.

டிஸ்க் கெட்டிருந்து, உள்ளே கல்யாணப் படங்களும் இருந்தால், ஃபைல் மேனேஜரில் இழுத்து இழுத்துக் காப்பி செய்வது ஆபத்து. ஒவ்வொரு முயற்சியும் டிஸ்க்கை இன்னும் கொஞ்சம் கொல்லும். 'டிடி-ரெஸ்க்யூ' என்ற நிரல் முதலில் நல்ல பகுதிகளை எல்லாம் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். அதில் முழு டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்குக்குப் பிம்பமாக எடுத்துவிட்டு, பிறகு அந்தப் பிம்பத்திலிருந்து படங்களைத் தேடுங்கள்.

டிஸ்க் ஆரோக்கியமாகவே இருந்தாலும் எஸ்எஸ்டி-க்கு (சுழலும் தட்டு இல்லாத, சில்லில் சேமிக்கும் டிஸ்க்) மாறுவதுதான் என் பரிந்துரை. 5400 ஆர்பிஎம் லேப்டாப் டிஸ்க் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு கோப்புகளைப் படிக்கும்போது விநாடிக்கு நூறு முறை படித்தாலே அதிகம். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி-யோ ஆயிரக்கணக்கில் படிக்கும். சிஸ்டம் பூட் ஆவதும் பிரவுசர் திறப்பதும் இந்த மாதிரி சில்லறைப் படிப்புகள்தான். பழைய லேப்டாப்பில் சாட்டா 2 மட்டும்தான் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். உச்ச வேகம் பாதியாகும், அன்றாட வேலையில் தெரியாது. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 240 ஜிபி தாராளம், 120 ஜிபி-யே போதும். பெயர் தெரியாத கம்பெனியின் '1 டிபி' மலிவாகக் கிடைத்தால் வாங்காதீர்கள்.

எஸ்எஸ்டி-யின் தடிமன் 7 மிமீ, பழைய டிஸ்க்கின் தடிமன் 9.5 மிமீ. பழைய டிஸ்க்கைச் சுற்றியுள்ள உலோகத் தாங்கியில் புதியதைத் திருகினால் நிற்கும். தாங்கி இல்லாமல் நேரே சொருகும் மாடல் என்றால், எஸ்எஸ்டி பெட்டியோடு சில கம்பெனிகள் தரும் 2.5 மிமீ பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டுங்கள். இல்லாவிட்டால் ஆடி ஆடிக் கனெக்டர் தளரும். டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 'கேடி' என்ற டிஸ்க் தாங்கியைப் போட்டுப் பழைய டிஸ்க்கையும் வைத்துக்கொள்ளலாம். கேடி 12.7, 9.5 என்று இரண்டு தடிமனில் வரும், அளந்துவிட்டு வாங்குங்கள்.

ராம்: பின் எண்ணிக்கையும் வோல்ட்டும்

2 ஜிபி இருந்தால் 4 ஆக்குங்கள், 4 இருந்தால் 8. ஒரே வரியில் சொல்லிவிட்டேன், ஆனால் தப்பான ராம் வாங்கி வருவதும் இங்கேதான் நடக்கும். டிடிஆர்2 லேப்டாப் ராமுக்கு 200 பின், டிடிஆர்3-க்கு 204, டிடிஆர்4-க்கு 260. ஒன்று மற்றதில் சொருகாது. டிடிஆர்3-க்குள்ளேயே இரண்டு ஜாதி. சாதாரணமானது 1.5 வோல்ட், ஸ்டிக்கரில் 'எல்' சேர்ந்திருப்பது 1.35 வோல்ட். இன்டெலின் 4-ஆம் தலைமுறை லேப்டாப்புகள் முதல் 1.35 வோல்ட் ராம் மட்டுமே ஏற்பவை அதிகம். சாதாரண டிடிஆர்3 அதில் சொருகும், ஆனால் பூட் ஆகாது, பீப் சத்தத்தோடு நிற்கும். 1.35 வோல்ட் ராம் பழைய 1.5 வோல்ட் லேப்டாப்பிலும் ஓடும். சந்தேகம் இருந்தால் 'எல்' உள்ளதையே வாங்குங்கள். ரிச்சி ஸ்ட்ரீட் போகிறவர்கள் பழைய ராமைக் கையில் எடுத்துப் போவது உத்தமம்.

மாட்டியதும், ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை ஒரு முழுச் சுற்று ஓடவிடுங்கள். பழைய ராமில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அதை வைத்துக்கொள்ளாதீர்கள். இன்ஸ்டாலர் பாதியில் நிற்பது, பேக்கேஜ் (மென்பொருள் பொதி) கெட்டுப்போவது, பிரவுசர் காரணமில்லாமல் சாவது எல்லாம் லினக்ஸ் குறை மாதிரியே தெரியும்.

தூசி, பேஸ்ட், ஒரு சின்ன பேட்டரி

பின்மூடியைத் திறந்தாயிற்று, கூடவே விசிறியைக் கழற்றுங்கள். இறக்கைகளில் ஒட்டிய தூசியைவிட, விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே கம்பளி மாதிரி படிந்திருப்பதுதான் காற்றை அடைக்கிறது. விசிறியைக் கழற்றாமல் வெளியிலிருந்து ஊதினால் அது அங்கேயேதான் இருக்கும். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் போகும். பிராசசர் மேல் காய்ந்து சுண்ணாம்பாகிப் போன பேஸ்ட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, அரிசி மணி அளவு புதுப் பேஸ்ட் வைத்தால் போதும். வேலை கொடுக்கும்போது 90 டிகிரியைத் தாண்டிக்கொண்டிருந்த லேப்டாப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும். அந்த வேகம் இதில் திரும்பி வரும்.

போர்டில் சிஆர்2032 பட்டன் பேட்டரியும் இருக்கும். டெஸ்க்டாப்பில் போல நேரே சொருகியிராமல், லேப்டாப்பில் பல நேரம் பிளாஸ்டிக் உறைக்குள் சிவப்பு, கறுப்பு ஒயரோடு இருக்கும். வருஷக்கணக்கில் சும்மா கிடந்த லேப்டாப்பில் இது செத்திருக்கும். இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், இதனால் வரும் தொல்லை பேட்டரித் தொல்லை மாதிரியே இருக்காது. கடிகாரம் 2010-க்கோ 2012-க்கோ போய்விடும். அதனால் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் செல்லாது என்று வரும். பேக்கேஜ் போடப் போனால், களஞ்சியக் கோப்பு 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று மறுக்கும். நெட் கோளாறு என்று ரவுட்டரை நோண்டுவார்கள், டிஸ்ட்ரோவை மாற்றுவார்கள். மூலையில் தெரியும் தேதியை ஒருமுறை பார்த்தால் விஷயம் முடிந்தது.

மெயின் பேட்டரி உப்பியிருந்தால் டச்பேட் மேலே தூக்கும் அல்லது மூடி சரியாக உட்காராது. அதைக் கழற்றி ஓரம் வையுங்கள்; குத்தாதீர்கள், குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். பெரும்பாலான லேப்டாப்புகள் பேட்டரி இல்லாமல் அடாப்டரிலேயே ஓடும்.

இப்போது டிஸ்ட்ரோ

மேலே சொன்னதெல்லாம் முடிந்தால் தேர்வு சுலபம், ராமைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

4 ஜிபி-யும் எஸ்எஸ்டி-யும் இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் லேசான டெஸ்க்டாப் பதிப்பான எக்ஸ்எஃப்சிஇ. உபுன்டுவின் லேசான வகையான லுபுன்டுவைவிட இது சில நூறு எம்பி கூடுதலாகத் தின்னும், உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசம் பிரவுசரில் ஓரிரு டேப்புக்குச் சமம். அதற்குப் பதிலாக டிரைவர் மேனேஜர், அப்டேட் மேனேஜர், சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்பும் டைம்ஷிஃப்ட் என்று வீட்டில் மற்றவர்கள் சமாளிக்கக்கூடிய கருவிகள் கிடைக்கின்றன. லுபுன்டுவில் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் என்ற தனிவகைப் பொதியாக வருகிறது, பழைய டிஸ்க்கில் முதல் தடவை திறக்க அது எடுக்கும் நேரம் பொறுமையைச் சோதிக்கும். மின்ட்டில் அந்தப் பிரச்சினை இல்லை. மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு.

2 ஜிபி-யைக் கூட்டவே வழியில்லை என்றால் ஆன்டிஎக்ஸ், அல்லது எல்எக்ஸ்க்யூடி டெஸ்க்டாப்போடு டெபியன். ஆன்டிஎக்ஸ் சும்மா இருக்கும்போது 200 முதல் 300 எம்பி-க்குள் அடங்கிவிடும். அதன் முகம் பழக ஒரு வாரம் ஆகும். பெற்றோருக்கு வைத்துக் கொடுக்க நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

32-பிட் பதிப்பு வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: அரசு லேப்டாப்புகளில் உள்ள பென்டியம், ஏஎம்டி பிராசசர்கள் 64-பிட். 32-பிட் போட்டால் ராம் மிச்சமாகும் என்பது சரிதான், ஆனால் அந்தப் பாதை மூடிக்கொண்டிருக்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32-பிட் இன்ஸ்டாலரே கிடையாது. ஃபயர்பாக்ஸ் 144-தான் 32-பிட் லினக்ஸுக்கான கடைசிப் பதிப்பு. குரோம் 2016-லேயே விலகிவிட்டது. உண்மையிலேயே 32-பிட் மட்டும் தெரிந்த லேப்டாப்பை எழுத, பாட்டு கேட்க வைத்துக்கொள்ளலாம், வங்கி வேலைக்கு வேண்டாம்.

சிலவற்றை எழுப்பாமல் விடுவதே நல்லது. ஆட்டம் என்2600, என்2800 பிராசசர் கொண்ட குட்டி நெட்புக்குகளின் கிராஃபிக்ஸுக்கு லினக்ஸில் சரியான டிரைவர் வந்ததே இல்லை, வீடியோ நொண்டும். 2 ஜிபி ராமும் 32 ஜிபி இஎம்எம்சி-யும் (சேமிப்புச் சில்லு) போர்டோடு சால்டர் செய்த 'டூ-இன்-ஒன்' வகையில் எதையும் கூட்டவும் முடியாது.

பென் டிரைவ், பூட், இன்ஸ்டால்

8 ஜிபி பென் டிரைவில் வென்டாய் என்ற நிரலைப் போட்டுவிட்டால், டிஸ்ட்ரோக்களின் ஐஎஸ்ஓ கோப்புகளை அப்படியே காப்பி செய்தால் போதும், இரண்டு டிஸ்ட்ரோவை ஒரே டிரைவில் வைத்துச் சோதிக்கலாம். இறக்கியதும், கோப்பின் கைரேகை மாதிரியான எஸ்எச்ஏ256 எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதி இறங்கிய கோப்பும் சில நேரம் பூட் ஆகும், இன்ஸ்டாலின் நடுவில்தான் கழுத்தறுக்கும்.

பூட் மெனு கீ லெனோவோ, டெல்லில் எஃப்12, ஹெச்பி-யில் எஃப்9, ஏசரில் எஃப்12. ஆனால் ஏசரில் முதலில் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் 'எஃப்12 பூட் மெனு' என்பதை இயக்க வேண்டும். அங்கேயே செக்யூர் பூட் (கையொப்பமில்லாத சிஸ்டத்தைத் தடுக்கும் அமைப்பு) சாம்பல் நிறத்தில் மாற்ற முடியாமல் இருந்தால், 'சூப்பர்வைசர் பாஸ்வேர்டு' ஒன்று வையுங்கள், திறக்கும். அந்த பாஸ்வேர்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டால் முடிந்தும் ஏசர் 'பூட் டிவைஸ் இல்லை' என்றால், அதே பக்கத்தில் லினக்ஸின் இஎஃப்ஐ கோப்பை 'நம்பகமானது' என்று தேர்ந்தெடுத்தால் சரியாகும்.

பூட் மெனுவில் அதே பென் டிரைவ் இரண்டு முறை தெரியலாம், ஒன்று 'யூஇஎஃப்ஐ' (புதிய பூட் முறை) என்ற முன்னொட்டோடு. எந்த வழியில் பூட் செய்கிறீர்களோ அந்த வழியில்தான் இன்ஸ்டாலும் ஆகும். விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தையதோடு வந்த லேப்டாப் என்றால் யூஇஎஃப்ஐ. 2011, 2012 மாடல்களில் பெரும்பாலும் பழைய லெகசி முறைதான். கலந்து போட்டால் கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் மின்னும்.

இன்ஸ்டால் பொத்தானை அழுத்துவதற்கு முன் லைவ் நிலையிலேயே வைஃபை, சத்தம், வெளிச்சக் கீ, மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று எல்லாம் பாருங்கள். பழைய விண்டோஸ் பகுதி எழுத விடாமல், படிக்க மட்டும் திறந்தால் பயப்பட வேண்டாம். விண்டோஸ் அரைத்தூக்கத்தில் மூடப்பட்டிருக்கிறது, காப்பி எடுக்க அதுவே போதும். 120 ஜிபி டிஸ்க்கில் விண்டோஸையும் சேர்த்து வைத்திருக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். முழு டிஸ்க்கையும் அழித்துப் போடுவதுதான் தொல்லை இல்லாத வழி.

பிராட்காம் வைஃபை அட்டை என்றால் பல நேரம் லைவில் தெரியாது. ஆண்ட்ராய்டு போனை ஒயரில் மாட்டி 'யூஎஸ்பி டெதரிங்' போட்டால் உடனே நெட் வரும். பிறகு டிரைவர் மேனேஜரில் பிராட்காம் டிரைவரை டிக் செய்யுங்கள். ரியல்டெக் 8723பிஇ அட்டை வேறு மாதிரி: ரவுட்டர் பக்கத்தில் இருந்தால் நெட் வரும், அடுத்த அறைக்குப் போனால் போய்விடும். அட்டையில் ஆன்டெனாவுக்கு இரண்டு முனைகள் உண்டு, லேப்டாப் செய்தவர்கள் ஒன்றில் மட்டும் ஒயர் மாட்டியிருப்பார்கள், டிரைவர் காலி முனையில் தேடிக்கொண்டிருக்கும். மோட்ப்ரோப் அமைப்பில் (டிரைவர்களுக்கான அமைப்புக் கோப்பு) 'ஆன்ட்-செல்' (ant_sel) மதிப்பை 1 அல்லது 2 என்று மாற்றி ரீபூட் செய்து பாருங்கள். இரண்டில் ஒன்றில் சிக்னல் எகிறும்.

போட்ட பிறகு

பேக்கேஜ்களைத் தேடி நிறுவும் சினாப்டிக்கில் 'இசட்ராம்-டூல்ஸ்' (zram-tools) தேடிப் போடுங்கள். ராமின் ஒரு பகுதியைச் சுருக்கப்பட்ட ஸ்வாப்பாக (ராம் நிரம்பும்போது தரவை ஒதுக்கும் இடம்) அது மாற்றும். இசட்எஸ்டிடி முறையில் பொதுவாக இரண்டு மூன்று பங்கு சுருங்கும், டிஸ்க்குக்குப் போய் வருவதைவிட இது எவ்வளவோ வேகம். அமைப்புக் கோப்பில் 'பெர்சன்ட்' என்ற வரியின் முன் உள்ள கட்டக் குறியை (#) எடுத்துவிட்டு, 4 ஜிபி-யில் 50, 2 ஜிபி-யில் 100 வைக்கலாம். ராம் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும்போது 'ஃப்ரீ' பத்தியைப் பார்த்துக் கலங்காதீர்கள், 'அவெய்லபிள்' பத்திதான் கணக்கு. சும்மா கிடக்கும் ராமை லினக்ஸ் கோப்புக் கேஷுக்கு எடுத்துக்கொண்டு, கேட்டதும் திருப்பிக் கொடுத்துவிடும்.

உண்மையான தீனிக்காரன் பிரவுசர். ஃபயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் போடுங்கள். விளம்பரம் போவது இருக்கட்டும், பழைய பிராசசருக்குச் சுமை குறைவது அதில்தான். பார்க்காத டேப்புகளைத் தூங்க வைக்க 'ஆட்டோ டேப் டிஸ்கார்ட்'.

யூடியூபில் விசிறி கத்துகிறது, படம் தாவுகிறது என்றால் காரணம் லினக்ஸ் அல்ல. யூடியூப் விபி9, ஏவி1 வடிவங்களில் வீடியோ அனுப்புகிறது. 2011 காலத்து இன்டெல் கிராஃபிக்ஸுக்கு எச்.264 வடிவத்தை வன்பொருளில் பிரிக்கத் தெரியும், இந்த இரண்டும் தெரியாது; அவை பிராசசர் தலையில் விழும். 'எச்264-இஃபை' என்ற நீட்டிப்பு யூடியூபை எச்.264 அனுப்ப வைக்கும். கூடவே 'ஐ965-விஏ-டிரைவர்' பேக்கேஜ் இருக்கிறதா பாருங்கள். திரை 1366×768 தானே, 720பி-க்கு மேல் வைப்பதில் லாபம் இல்லை.

கரன்ட் போய் போய் வரும் ஊரில், பேட்டரி இல்லாத லேப்டாப்பில் அப்டேட் நடக்கும்போது அணைந்தால் பேக்கேஜ்கள் அரைகுறையாக நிற்கும். அடுத்த பூட்டில், தொடக்கத்தில் வரும் க்ரப் மெனுவில் 'ரிகவரி மோட்' போய் 'டிபிகேஜி' என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள், விட்ட இடத்திலிருந்து முடிக்கும். டைம்ஷிஃப்ட்டில் இரண்டு பிரதிக்கு மேல் வைக்காதீர்கள், சின்ன எஸ்எஸ்டி அதிலேயே நிரம்பிவிடும்.

தமிழ் தட்டச்சுக்கு 'ஐபஸ்-எம்17என்' போட்டு, ஐபஸ் அமைப்பில் தமிழ் சேர்த்து, தமிழ்99 அல்லது ஒலிபெயர்ப்பு முறையைத் தேர்ந்தெடுங்கள். லாக் அவுட் செய்து திரும்ப வந்தால்தான் எல்லா நிரலிலும் வேலை செய்யும். மொழி மாற்ற சூப்பர் கீயோடு (விண்டோஸ் சின்னம் உள்ள கீ) ஸ்பேஸ். பழைய வேர்டு கோப்புகளைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால், அவை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துருக் கோப்பை டபுள் கிளிக் செய்து நிறுவினால் லிப்ரே ஆபீஸில் படிக்கக் கிடைக்கும். யூனிகோடுக்கு மாற்றும்போது மூலக் கோப்பை அழிக்காதீர்கள். நடுவில் ஆங்கிலச் சொற்கள் இருந்த இடங்களை மாற்றி நிரல் தமிழ் என்று எண்ணிக் குதறி வைத்திருக்கும், அவற்றை மூலத்தோடு ஒப்பிட்டுக் கையால்தான் திருத்த வேண்டும்.